முன்னறிவித்தலும் மௌனமும்

புயல் வருமென வானிலையாளர் உரைப்பதனாற் புயல் உருவாவதில்லை. வங்கி வீழுமென ஒருவர் உரைப்பின், அவ்வுரையே வீழ்ச்சிக்கு ஏதுவாகலாம். குறுங்காலக் கடன்பட்டு நெடுங்காலக் கடன் கொடுப்பது வங்கித் தொழிலின் இயல்பு. வைப்பாளர் யாவரும் ஒரே நாளிற் கேட்பின் நல்ல வங்கியும் தள்ளாடும். டயமண்ட், டிப்விக் என்போர் 1983இல் இதனைக் கணித முறையால் விளக்கினர். அங்ஙனமாயின், ஆபத்தை அறிந்தோர் வாய்மூடியிருத்தல்தான் அறமா?

பிரித்தானியாவின் நோதேர்ன் றொக் வங்கியை நோக்குவோம். வீட்டுக்கடன் வழங்குவதற்கான நிதியிற் பெரும்பங்கை அது பணச்சந்தையிலேயே பெற்றது. 2007 ஓகஸ்டில் அச்சந்தை உறைந்தது. அவ்வங்கி இங்கிலாந்து வங்கியின் அவசர உதவியை நாடியமையைச் செப்டெம்பர் 13இல் பீ.பீ.சி. வெளியிட்டது. மறுநாட் காலை கிளைகளின் வாயிலில் நீண்ட வரிசைகள். அன்றைய காப்புறுதி முதல் 2,000 பவுணுக்கு மட்டுமே முழுமையானதாகலின், வரிசையில் நின்றோரை மூடரென இகழ்தல் தகாது. 17ஆம் நாள் அரசு உத்தரவாதம் அளித்த பின்னரே அச்சம் தணிந்தது.

செய்தியே வங்கியை வீழ்த்தியது என்பாருளர். ஆயின், பணச்சந்தையினர் அதற்கு முன்னரே கடனைப் புதுப்பியாது விலகத் தொடங்கிவிட்டனர். (அவர்களுக்கு வரிசை வேண்டியிருக்கவில்லை, தொலைபேசி போதுமாயிருந்தது.) அறிந்தோர் வெளியேறும்வரை அறியாதோரை உள்ளே நிறுத்திவைக்கும் மௌனத்தைப் பொதுநலன் எனல் எங்ஙனம் பொருந்தும்?

வீழும் நாளை எவராலும் கணித்தல் அரிது. நிலையைக் கூறல் அரிதன்று. வங்கி எவரிடம், எவ்வளவு காலத்துக்குக் கடன்பட்டுள்ளதென்பதை நற்காலத்திலேயே வைப்பாளருக்கு உணர்த்தலாம். நோதேர்ன் றொக்கின் ஆண்டறிக்கையில் அவ்விபரம் அச்சாகியே இருந்தது. வரிசையில் நின்ற முதியோருள் எத்தனை பேர் ஆண்டறிக்கை வாசிப்பர்?