நன்றியும் நம்பிக்கையும்

நாட்டுக்குப் புகழ் தேடித் தந்தவரிடம் மக்கள் நன்றி பாராட்டுவது இயல்பு. அது உயர்ந்த பண்பும் ஆகும். ஆனால், அந்த நன்றியை எவ்வடிவில் செலுத்துவது என்பது எளிய வினாவன்று. விளையாட்டில் வாகை சூடிய ஒருவர் அரசியலில் அடியெடுத்து வைக்கும்போது, அவருக்காகக் கைதட்டிய மக்கள் அவருக்கே வாக்களிக்கவும் கடமைப்பட்டவர்களா? களத்தில் பெற்ற வெற்றி ஆட்சிக்குரிய தகுதியாகுமா?

பிரேசில் நாட்டுக் கைப்பந்து வீராங்கனையர் இருவரின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் துணை செய்யும். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில், பிரேசில் மகளிர் குழு அரையிறுதி ஆட்டத்தில் கியூபாவிடம் ஐந்து செட் வரை போராடித் தோற்றது. பின்னர் ரஷ்யாவை வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. ஒலிம்பிக் கைப்பந்தில் அந்நாட்டு மகளிர் பெற்ற முதல் பதக்கம் அதுவே. அக்குழுவில் ஆடியவர்கள் அனா மோசர், லெய்லா பாரோஸ் ஆகிய இருவரும். லெய்லா 2018இல் நாட்டின் தலைநகர்ப் பகுதியிலிருந்து மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அனா மோசர் 2023 சனவரியில் அதிபர் லூலாவின் அமைச்சரவையில் விளையாட்டுத்துறை அமைச்சரானார்.

விளையாட்டு வீரர் ஆட்சிக்கு ஏற்றவரே என்று வாதிடுவோர், களம் கற்பிக்கும் ஒழுக்கத்தைச் சான்றாகக் காட்டுவர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கைப்பந்தில் எவரும் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. மூன்று தொடுதலுக்குள் அது வலையைத் தாண்டியாக வேண்டும். முன்வரிசையில் எழும்பி அடிப்பவரும் சுழற்சி முறைப்படி பின்வரிசைக்குச் சென்று, தரையில் விழுந்தேனும் பந்தைக் காக்க வேண்டும். கைக்கு வந்ததை உடனே தோழருக்கு அளிப்பதே ஆட்டத்தின் உயிர். அதிகாரத்தையும் அவ்வாறே கையாளும் ஒருவர் கிடைப்பாராயின் அது நாட்டின் பேறு.

ஆயினும், இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. களத்தில் கோடுகள் வரையப்பட்டுள்ளன. வலையின் உயரம் அளந்து வைக்கப்பட்டுள்ளது. புள்ளியைப் பலகை காட்டுகிறது. எதிரணியின் தயவு ஆட்டக்காரருக்குத் தேவையில்லை. அரசியலிலோ கோடு எங்கே என்பதே வழக்கு. யார் வென்றார் என்பது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவரும். இன்று எதிர்த்தவரின் வாக்கு நாளைய சட்டத்துக்குத் தேவைப்படும். ஆகவே, களத்தின் ஒழுக்கம் நல்ல விதையாகலாம். அதுவே விளைச்சல் ஆகிவிடாது.

அவ்வாறாயின், மக்கள் எதை நோக்க வேண்டும்? புகழுக்கும் பதவிக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதையே நோக்க வேண்டும். அனா மோசர் 2001இல் ஒரு கல்வி நிறுவனத்தை நிறுவி, ஏழைப் பகுதிச் சிறுவர் சிறுமியருக்கு விளையாட்டின் வழியே கல்வி அளிக்கும் பணியில் ஈடுபட்டார். அமைச்சர் பதவி வந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னரே. லெய்லா மேலவைக்குச் செல்லுமுன் தலைநகர்ப் பகுதி அரசில் விளையாட்டுத்துறைப் பொறுப்பை வகித்தவர். ஒருவரை விடாது பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் அவர் கொண்டுவந்த மசோதாவிலிருந்து பிறந்து, 2021இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது மக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தனர். அதனை நன்றி கெட்ட செயல் என்று கூறுதல் பொருந்தாது. பதக்கம் அவருடையதாகவே இருந்தது. பதவி மட்டுமே மக்களுடையதாக இருந்தது.

அனா மோசரின் முடிவு இதனினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 2023 செப்டம்பரில், பதவியேற்று ஓராண்டு நிறையுமுன்னரே, அவர் அமைச்சரவையிலிருந்து விலக்கப்பட்டார். நாடாளுமன்றத்தில் வேறு கட்சிகளின் ஆதரவைத் திரட்ட வேண்டியிருந்த அதிபர், அப்பதவியை அத்தகைய கட்சி ஒன்றைச் சேர்ந்த ஆந்திரே புபூக்காவுக்கு அளித்தார். அதிபரின் பக்கத்திலும் நியாயம் உண்டு: வாக்குகள் இல்லையேல் சட்டம் இல்லை; சட்டம் இல்லையேல் ஏழைகளுக்கு அளித்த வாக்குறுதியும் இல்லை. எனினும், ஒருவர் பணியாற்றிய முறையை எடைபோடாமல், அவருக்குப் பின்னால் எத்தனை கைகள் உயரும் என்று எண்ணிப் பார்த்தே அவரது இடம் முடிவு செய்யப்பட்டது என்பதை மறுத்தல் அரிது.

இச்செயலைக் கண்டு வருந்துவோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நன்றிக்காகப் பதவி அளிப்பதும் ஆதரவுக்காகப் பதவி அளிப்பதும் அடிப்படையில் வேறானவையா? முன்னதில் உள்ளம் கனிந்திருக்கிறது. பின்னதில் கணக்கு நடக்கிறது. ஆனால், 'இப்பணிக்கு இவர் ஏற்றவரா?' என்னும் கேள்வி இரண்டிலும் கேட்கப்படுவதில்லை. பதவியைப் பரிசாக வழங்கப் பழகிய மக்கள், ஆள்வோர் அதனை விலையாக வழங்கும்போது தடுத்துக் கேட்கும் வலிமையை இழந்துவிடுகின்றனர்.

வள்ளுவர் இதனை நன்கு உணர்ந்தவர். ஆராய்ந்து ஒருவரை நம்புதற்குத் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும், தெளிந்தபின் தக்க வினையில் அமர்த்துதற்குத் தெரிந்து வினையாடல் என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஒருவர் நல்லவர் என்பதும் இவ்வினைக்கு வல்லவர் என்பதும் தனித்தனியே ஆராயத்தக்கவை என்பது இதனால் விளங்கும்.

வெற்றி வீரரை நினைவிற்கொள்வதும் போற்றுவதும் அவரது வழியில் இளையோரைப் பயிற்றுவதும் நன்றிக்கடன் தீர்க்கும் முறைகளாம். வாக்கு அக்கடனுக்குரிய நாணயம் அன்று. அது நாளைய தலைமுறைக்காக மக்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் அடைக்கலப் பொருள். அதனை ஆராய்ந்து அளிப்பதே அந்த வீரருக்கும் மதிப்பளிப்பதாகும். ஏனெனில், புள்ளி எண்ணாமல் அளிக்கப்படும் வெற்றியை உண்மையான ஆட்டக்காரர் எவரும் விரும்புவதில்லை.