அயர்ந்து கிடந்தவளின் வழக்கு

தஞ்சை மாவட்டத்தில், பாபநாசத்துக்கு அருகே, வெட்டாற்றங்கரையில் இருக்கிறது திருக்கருகாவூர். அவ்வூர்த் தலபுராணத்தை நம்மவர் பலரும் பக்தியோடு சொல்வார்கள். அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறதென்பதை மட்டும் கவனியாமல் விட்டுவிடுவார்கள். நித்துருவர் என்னும் முனிவர் வெளியே சென்றிருந்த வேளையில், கர்ப்பவதியாகிய அவருடைய பத்தினி வேதிகை களைத்து அயர்ந்து கிடந்தாள், வாயிலில் வந்து நின்ற ஊர்த்துவபாதர் என்னும் தவசி, தமக்கு உபசாரம் நடக்கவில்லையென்று வெகுண்டு சபித்தார், கரு கலைந்தது. அம்பிகையோ அக்கருவைத் திவ்வியமான ஒரு குடத்தில் ஏந்திக் காத்து, நைத்துருவன் என்னும் குழந்தையாக்கித் தாயின் கையில் கொடுத்தாள். கர்ப்பரட்சாம்பிகை என்ற திருநாமமும் பெற்றாள். அதிதி பூஜை இல்லறத்தாரின் பெருந்தர்மம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அப்படியிருந்தும், அந்தத் தர்மத்தில் தவறியவளுக்கும் தவத்தால் உயர்ந்தவருக்கும் இடையிலான வழக்கு தேவியின் சந்நிதிக்கு வந்தபோது, தேவி களைத்தவளின் பக்கமே நின்றாள்.

இந்தத் தீர்ப்பு கப்பலேறி மலாக்காவுக்கு வந்ததா என்பதுதான் என் கேள்வி.

தான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு, பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டமாக விரித்த நாள் தொடங்கி, ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் லயங்களில் தமிழ்ப் பெண்ணின் பொழுது விடியும் முன்பே விடிந்தது. குளிர்ச்சி உள்ளபோதுதான் பால்மரம் தாராளமாகப் பால் விடும். வெயில் ஏறினால் பால் மட்டுப்படும். ஆகையால் இருட்டிலேயே பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. அந்தப் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுப்பதற்குள், பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, விறகடுப்பு மூட்டி, சோறு வடித்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஒரு நாள் வேலையில் பாதியை அவள் முடித்திருப்பாள். அதன்பின் நிரை நிரையாகச் சில நூறு மரங்கள்; மங்கு துடைத்து, உளி பிடித்து, பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, நிறை சூலியானாலும் தோளில் சுமந்து ஸ்டோருக்குப் போவாள். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. பெரட்டுக்கு முன்னும் ஸ்டோருக்குப் பின்னும் அவள் செய்ததற்குப் பட்டியலில் பத்தியே இல்லை.

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த என் பாட்டி ஒருமுறை சொன்னாள்: "மரத்துக்குக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான்டா வெட்டு. பட்டை ஆறணும்னு விடுவாங்க." உண்மைதான். இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டுவதில்லை. நாளைக்கு வேறு நிரை. மரம் ஓய்ந்திருக்கும் நாளிலும் வெட்டுகிறவளுக்கு ஓய்வில்லை என்பதை அவள் குறையாகச் சொல்லவில்லை, விவசாய ஞானமாகவே சொன்னாள்.

நம் குடும்பங்கள் கர்ப்பிணியைக் கொண்டாடவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஏழாம் மாதம் வளைகாப்பு. கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம், ஏழு வகைச் சோறு. மறுநாள் விடியற்காலையில் அதே வளையல் கை வாளியைத் தூக்கும். சீமந்தம் என்பது சாஸ்திரங்கள் விதித்த சம்ஸ்காரங்களுள் ஒன்று. ஆனால் ஒரு சம்ஸ்காரம் ஒரு நாளோடு முடிந்து, எஞ்சிய நாட்களெல்லாம் சம்சாரமாகவே கழியுமானால், அந்தச் சடங்கு அவளுக்காக நடந்ததா, ஊருக்காக நடந்ததா?

இங்கே வேதாந்தம் அறிந்தவர் ஒருவர் குறுக்கிடுவார். பலன் கருதாது செய்யும் கர்மமே உயர்ந்தது என்று கீதை உபதேசிக்கிறதே, இல்லறப் பெண்ணின் உழைப்பு அந்த நிஷ்காம கர்மத்தின் கண்கண்ட உருவமல்லவா, அதற்குக் கணக்கு எழுதுவதும் ஓய்வு கேட்பதும் அதன் புனிதத்தைக் கெடுக்காதா என்பார். கேட்க அழகான வாதம். ஆனால் பலனைத் துறப்பது கர்மம் செய்கிறவருக்கு உரிய சுதந்திரமேயன்றி, பலனை உண்கிறவர் அவருக்கு விதிக்கும் கட்டளையன்று. திருக்கருகாவூரைப் பாடிய அப்பர் பெருமான் உழவாரப் படையைத் தாமாகவே விரும்பித் தோளில் ஏந்தினார். பிறர் அவர் கையில் திணித்து, பிறகு அதற்குப் பக்தி என்று பெயர் சூட்டவில்லை. அயர்ந்தவளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பிவிட்டு அதைத் தர்மம் என்பவர், ஊர்த்துவபாதரின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

மலேசிய அரசாங்கத்தின் சட்டம் மெல்ல மெல்ல அம்பிகையின் வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் பிரசவ விடுப்பாக 60 நாள் தந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள். ஆயினும் அந்த விடுப்பு பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னதாகத் தொடங்க முடியாது. அதற்கு முந்திய எட்டு மாதத்துக் களைப்பு சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. செம்பனை வந்தபின் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் முதுகில் ஏறியது. தெனாகனிதா அமைப்பு 2002-லேயே அதன் கொடுமையை எடுத்துரைத்தும், பாராகுவாட் என்னும் நஞ்சு 2020 ஜனவரி 1 அன்றுதான் இந்நாட்டில் முற்றிலும் தடைபட்டது. தோட்டம் விட்டுப் பட்டணம் வந்தவர்களின் பேத்திகள் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்ட்டு முறையில் வேலை பார்க்கிறார்கள். இரவு ஷிப்ட்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியதும், காலைப் பசியாறல் யார் செய்வது என்ற கேள்வி வீட்டு வாயிலில் தவசியைப் போல நிற்கிறது.

தாய் சேய் கிளினிக்கில் கர்ப்பிணியின் புத்தகத்தில் அபாயத்தின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளம் இடுகிறார்கள். இரத்தச் சோகைக்கு நிறம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு உண்டு. "வேலை செய்கிறாயா?" என்று தாதி கேட்டால், நாளெல்லாம் நின்றும் குனிந்தும் தூக்கியும் உழைக்கிற இல்லத்தரசி, "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்கிறாள். அந்தப் பதிலுக்கு நிறம் இல்லை. 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்த இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம், ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா செலுத்தினால் வீட்டு வேலையில் நேரும் விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ ஈடு தரும் என்கிறது. வீட்டு வேலையும் வேலைதான், அதிலும் உடம்பு உடையும் என்பதை நம் சபைகளில் உபந்நியாசகர்கள் சொல்வதற்குமுன் ஒரு சட்டம் சொல்லிவிட்டது. வெட்கப்பட வேண்டியது சமயமே.

சமயத்திடம் விஷயம் இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளியில் காவிரி வெள்ளத்தால் தாய் வரமுடியாதபோது, இரத்தினாவதி என்னும் கர்ப்பிணிக்குத் தாயின் உருவெடுத்து வந்து பிரசவம் பார்த்துப் பணிவிடை செய்தவர் சிவபெருமான். தாயுமானவர் என்று நாம் கைகூப்புவது அந்த வீட்டு வேலையை நோக்கித்தான். பரமசிவனுக்கு இழிவாகத் தோன்றாத வேலை ஜாசினிலும் தஞ்சோங் கிளிங்கிலும் உள்ள கணவன்மாருக்கு மட்டும் எப்படி இழிவாயிற்று?

நம் மலாயாத் தமிழரின் தெய்வமான பெரியாச்சியும் ஒரு மருத்துவச்சிதான். குழந்தை தரையில் படலாகாது என்று அரசன் கட்டளையிட, பேறு பார்த்துக் குழந்தையை ஏந்தி நின்றவள். பேசிய கூலியை அரசன் மறுத்தபோது உக்கிர ரூபம் கொண்டாள் என்பது கதையைச் சொல்லும் முறைகளுள் ஒன்று. குழந்தை பிறந்து முப்பதாம் நாள் அவளுக்குப் படையல் போடுவது நம் வழக்கம். இனிமேல் அவ்வாறு படையல் போடும் வீட்டார், அந்தக் கோழியையும் சோற்றையும் சமைக்கும் பொறுப்பைப் பிள்ளை பெற்றவளின் கையில் கொடாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.