வரை

ஆடி மாதம் மதுரை விளக்குத்தூண் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பலகை பழக்கமானது. ஜவுளிக்கடை வாசலில் ‘50% வரை தள்ளுபடி’ என்று தொங்கும். ஐம்பது ஆளுயரத்தில் இருக்கும், ‘வரை’ எறும்பு அளவில் இருக்கும். உள்ளே போனால் ஐம்பது சதவீதத்துக்குத் தகுதியான சேலைகள் ஒரு மூலையில், யாரும் உடுத்தத் துணியாத நிறங்களில் குவிந்து கிடக்கும். இதில் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை. துணியைத் தொட்டுப் பார்க்கலாம், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.

அதே ‘வரை’ செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் வரும்போது தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. பணம் முதலில் போய்விடுகிறது, சரக்கு பிறகு வருகிறது. அது வரும்போதே தீர்ந்தும் விடுகிறது. நேற்று இரவு எட்டு மணிக்குக் கிடைத்த வேகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்ட முடியாது.

‘வினாடிக்கு 1 ஜிகாபிட் வரை’ என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எனக்கு 300 மெகாபிட் கிடைத்தால் அது உண்மை. 3 மெகாபிட் கிடைத்தாலும் உண்மை. சுத்தமாக ஒன்றுமே வராமல் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் உண்மைதான். சொன்னதைவிட அதிகமாகக் கொடுத்தால் மட்டுமே அந்த வாக்கியம் பொய்யாகும். அந்த ஆபத்து இதுவரை எந்த நிறுவனத்துக்கும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

பழைய தமிழில் ‘வரை’ என்றால் மலை என்றும் பொருள், எல்லை என்றும் பொருள். மாட்டுத்தாவணியில் இறங்கினால் கண்ணில் படும் யானைமலையும் ஒரு வரைதான். ஊரில் பலருக்கும் அது தெரியும், ஏறினவர்கள் கொஞ்சம் பேர். விளம்பரத்தின் எண்ணும் ஏறக்குறைய அப்படித்தான், இருப்பது உண்மை, நாம் அங்கே இல்லை.

மொழியியல் தத்துவவாதி பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகளில், ஒருவர் சொல்வதும் அவர் உணர்த்துவதும் வேறுவேறு என்று விரிவாகப் பேசினார். ‘சம்பளம் ஐம்பதாயிரம் வரை வரும்’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் பெண் வீட்டார் நாற்பது, நாற்பத்தைந்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர் எட்டாயிரம் வாங்குகிறவர் என்று பிறகு தெரிந்தால் ‘வரைன்னுதான சொன்னோம்’ என்ற பதில் பஞ்சாயத்தில் செல்லாது. விளம்பரத்தில் மட்டும் செல்கிறது.

வாக்குறுதி என்பது மீறப்படக்கூடிய வாக்கியம். ‘வெள்ளிக்கிழமை தந்துடுறேன்’ என்று ஒருவர் சொன்னால் சனிக்கிழமை அவரைப் பிடித்து நிறுத்த முடியும், அந்தப் பிடிதான் வாக்குறுதியின் உயிர். 2015இல் ஏர்டெல் தன் 4ஜி சேவைக்காக ஒரு சவால் விட்டது: உங்கள் நெட்வொர்க் எங்களுடையதைவிட வேகம் என்றால் ஆயுளுக்கும் உங்கள் மொபைல் பில்லை நாங்கள் கட்டுகிறோம். அந்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது, திருத்துங்கள் அல்லது விலக்கிக்கொள்ளுங்கள் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் சொன்னது. எனக்கு அந்த விளம்பரத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. அது உடையக்கூடிய வாக்கியமாக இருந்ததால்தான் அதை உடைத்துப் பார்க்கவாவது முடிந்தது. ‘வரை’ போட்ட வாக்கியம் உடையாது. உடையாத வாக்கியம் வாக்குறுதி ஆகாது. ஆனால் வாக்குறுதிக்கு உரிய விலையை மட்டும் அது வாங்கிக்கொள்கிறது.

பொறியாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது லேசுப்பட்டதல்ல. அலைக்கற்றை என்பது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அதன் கீழே நிற்பவர்கள் எல்லோருக்குமாகப் பிரிகிறது. சித்ரா பௌர்ணமி அன்று கள்ளழகர் வைகையில் இறங்கும்போது ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கு இது புரியும். போனில் கோடுகள் முழுசாக இருக்கும், தொலைந்த பிள்ளையைத் தேடி அடித்தால் லைன் போகாது. தூரம், சுவர், மரம், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் கிரிக்கெட் எல்லாம் சேர்ந்துதான் என் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இதில் எப்படி ஒரே எண்ணைச் சத்தியம் செய்து தர முடியும்?

முடியாதுதான். ஆனால் அந்தப் பொறியாளர்களே இரண்டு எண்களை எழுதிவைத்திருக்கிறார்கள். 5ஜிக்கான தேவைகளைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தபோது, உச்ச வேகம் வினாடிக்கு 20 ஜிகாபிட் என்றது. நெரிசலான நகரத்தில் பயனர் அனுபவிக்கும் வேகம் 100 மெகாபிட் என்றது. முதலாவது இரண்டாவதைப்போல 200 மடங்கு. பொறியியல் நேர்மையாகத்தான் தொடங்கியது. அந்த இரண்டு எண்களில் எது விளம்பரப் பலகைக்கு ஏறும் என்பதை முடிவு செய்தவர்கள் பொறியாளர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

நிச்சயமின்மை உண்மை என்றால், அதை யார் தலையில் ஏற்றுவது என்பதுதான் அறக்கேள்வி. என் அக்கா மகள் விஷயத்தில் அந்தக் கேள்வி ஒரு படிவமாக வந்தது. அவள் மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறாள். பி.எஸ்ஸி முடித்து மெடிக்கல் கோடிங் படித்தவள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். அவர்கள் தெருவுக்குக் கேபிள் இன்னும் வரவில்லை, போன் ஹாட்ஸ்பாட்தான். படிவத்தில் ஒரு கட்டம்: ‘வீட்டு இணையத்தின் குறைந்தபட்ச வேகம்’. எண்ணை மட்டும்தான் ஏற்கும். கடைசியில், மேலே உள்ளவை உண்மை என உறுதியளிக்கிறேன் என்று ஒரு டிக்.

“மாமா, இதுல என்னா போடட்டும்?” என்று போன் செய்தாள்.

“அளந்து பாத்தியா தாயி?”

பத்து நாள் அளந்திருக்கிறாள், டிராயின் மைஸ்பீட் செயலியில். விடிகாலையில் 38. மத்தியானம் 11. ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு 2.4. மழை பெய்த ஒருநாள் 0.9. நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருந்தாள். “கம்பெனிக்காரன் விளம்பரத்துல முந்நூறு வரைன்னு போட்டுருக்கான். நான் அதையே போட்டா என்னா?” என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல், “அவிங்க வரைன்னு சொல்லிட்டுப் போயிரலாம். நான் மட்டும் குறையாதுன்னு சத்தியம் பண்ணணுமா மாமா?” என்றாள்.

எத்தனையோ ஆயிரம் கோடி முதலீடும் கோபுரங்களும் அலைக்கற்றை உரிமமும் உள்ள ஒரு நிறுவனம் மேல் எல்லையை மட்டும் சொல்கிறது. அவற்றில் எதன்மேலும் அதிகாரம் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பெண் கீழ் எல்லைக்குக் கையெழுத்துப் போடுகிறாள். நிறுவனம் தர மறுத்த வாக்குறுதி மறைந்துபோகவில்லை. அது கைமாறி, அதைக் காப்பாற்றக் கொஞ்சமும் வழியில்லாதவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவள் 20 என்று எழுதினால், இம்மானுவேல் கான்ட் 1785இல் எடுத்துக்காட்டிய அதே ஆள் ஆகிவிடுவாள்: திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருகிறேன் என்று சொல்லிக் கடன் வாங்குகிறவன். கான்ட் அவனுக்குச் சலுகையே தரவில்லை.

ஆனால் தன் விஷயத்தில் கான்ட் ஒரு ‘வரை’ போட்டுக்கொண்டார். மதத்தைப் பற்றி அவர் எழுதியது பிடிக்காமல் 1794இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் வில்லியம் கண்டித்தபோது, தங்கள் விசுவாசமுள்ள குடிமகன் என்ற முறையில் இனி மதம் பற்றிப் பேசவோ எழுதவோ மாட்டேன் என்று பதில் எழுதினார். 1797இல் அரசர் இறந்தார். மறு வருடமே கான்ட் அந்த விஷயத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். அந்த ‘தங்கள்’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன், இந்த அரசர் இருக்கும்வரைக்கும்தான் அந்த வாக்கு என்று அச்சிலேயே சொன்னார். பொய் சொல்லவே கூடாது என்றவர், பொய்யாகாத ஆனால் வேறுமாதிரிப் புரிந்துகொள்ளப்படும் ஒரு வாக்கியத்துக்குள் ஒதுங்கினார். கான்ட்டை நான் மன்னிக்கிறேன். எதிரே நின்றது அரசாங்கம், அவருக்கு எழுபது வயது. பலவீனமானவன் பலசாலியிடமிருந்து தப்பச் சொல்லின் இடுக்கில் நுழைவது ஒன்று. பலசாலி தன் வாடிக்கையாளரிடமிருந்து தப்ப அதே இடுக்கில் நுழைவது முற்றிலும் வேறு.

இதில் இன்னொரு சேதமும் உண்டு. ‘நெட்வொர்க் இல்ல’ என்பது இன்று நம் ஊரில் அதிகம் சொல்லப்படும் பொய்களில் ஒன்று. கடன்காரருக்கும் மேலதிகாரிக்கும் மாமியாருக்கும் நாம் எல்லோரும் சொல்கிறோம். அதனால் உண்மையாகவே நெட்வொர்க் இல்லாதவள் சொல்லும்போது அது சாக்கு மாதிரிக் கேட்கிறது. இதற்கு முந்தைய நேர்முகத் தேர்வில் அவள் முகம் திரையில் உறைந்து நின்றிருக்கிறது. திரும்ப வந்தபோது, பதில் தேடிக்கொண்டிருந்தாயா என்பதுபோல் அந்த அம்மா பார்த்தாராம். குறைந்தது வேகம் மட்டும் அல்ல, அவள் பேச்சுக்கு இருந்த மதிப்பும்தான்.

அவள் அப்பா, என் மச்சான், பெரியாறு பாசனத்தில் விவசாயம் பார்க்கிறவர். பெரியாறு அணை 1895இல் வந்தது. மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகை வழியாகப் பேரணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாயில் மேலூர் வரை கொண்டுவருகிறார்கள். மேலூர் பக்கம் கடைமடை. இந்தக் கால்வாயில் ஒருபோகப் பாசனம் மட்டும் 85,563 ஏக்கர். அந்தத் தண்ணீரும் பொதுச் சொத்து, அதுவும் நிச்சயமில்லாதது. மழை பொய்க்கலாம், அணை நிறையாமல் போகலாம், மேலே உள்ளவர்கள் இழுத்துக்கொள்ளலாம். அலைக்கற்றைக்குச் சொல்லும் எல்லாச் சாக்கும் இதற்கும் பொருந்தும். ஆனாலும் திறப்பு ஆணை எப்படி வருகிறது? வழக்கமாக 120 நாள் என்று வரும்: முதல் 45 நாள் முழுமையாக, மீதி 75 நாள் முறைவைத்து. எத்தனை ஏக்கருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கும். நீர் இருப்பையும் வரத்தையும் பொறுத்து என்ற நிபந்தனையும் இருக்கும். நிபந்தனை போட்டும் அது வாக்குறுதியாகவே இருக்கிறது, ஏனென்றால் அதை மீற முடியும்.

மீறியும் இருக்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடங்களில் மேலூரில் சாலை மறியல் நடக்கும். படிவத்தின் கதையைக் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்: “தண்ணி வரலைன்னா போயிக் கேக்க ஒரு தேதி இருக்கு மாப்ள. இதுக்கு எந்தத் தேதியச் சொல்லிக் கேப்ப?”

நிறுவனங்களிடம் கீழ் எல்லை எண் இல்லாமல் இல்லை. பல திட்டங்களில் அன்றைய டேட்டா தீர்ந்தால் வேகம் 64 கிலோபிட் ஆகிவிடும் என்று துல்லியமாகச் சொல்லியிருப்பார்கள். அந்த வேகத்தில் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்று வந்து சேர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு விஷயத்தில் வாக்கு தவறுவதே இல்லை. (பிட், பைட் குழப்பம் தனிக் கதை. எட்டு பிட் ஒரு பைட். நம் ஊரில் எட்டு ஆழாக்கு ஒரு படி. வினாடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட். நூறு ஆழாக்கு என்று கூவி விற்றால் பன்னிரண்டரைப் படியைவிடப் பெரிதாகத்தான் கேட்கும்.)

சட்டத்திலும் ஒரு கீழ் எல்லை உண்டு. பிராட்பேண்ட் என்ற பெயருக்கு 2004இல் 256 கிலோபிட் போதும் என்றார்கள், 2013இல் 512 என்றார்கள், 2023 ஜனவரியில் 2 மெகாபிட் என்றார்கள். மழை நாளில் என் அக்கா மகள் வீட்டுக்கு வந்த 0.9க்கு அந்தப் பெயரே பொருந்தாது. டிராயின் 2024 விதிமுறைகளின்படி எந்த இடத்தில் எந்தச் சேவை உண்டு என்ற வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். நல்ல விஷயம். ஆனால் கால்வாய் போகும் வழியைக் காட்டும் படம் வேறு, அதில் தண்ணீர் வரும் நாளைச் சொல்லும் ஆணை வேறு.

பிரிட்டனில் வீட்டு இணைய விளம்பரங்களுக்கு ஒரு விதி இருந்தது: பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தால் போதும், அந்த வேகத்தை ‘வரை’ போட்டு விளம்பரம் செய்யலாம். 2018 மே மாதத்தில் மாற்றினார்கள். நெரிசலான இரவு 8 முதல் 10 மணிக்குள் குறைந்தது பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் இனி சொல்ல வேண்டும். விளம்பர எண்கள் இறங்கின. யாரும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஓடவில்லை. பாதிப் பேர் என்பதும் போதாது என்பது என் கட்சி, கடைமடை எப்போதும் மற்ற பாதியில்தான் இருக்கும். பத்து இரவில் ஒன்பது இரவு, இந்த ஊரில், இதற்குக் குறையாது என்று ஒரு வாக்கியம் போதும். மழைக்கும் திருவிழாவுக்கும் நிபந்தனை போட்டுக்கொள்ளட்டும்.

அக்கா மகள் கடைசியில் 2 என்று எழுதினாள். “மழை பேஞ்சா அதுவும் இருக்காதே தாயி” என்றேன். விளக்கம் எழுதும் கட்டம் ஒன்று கீழே இருந்ததாம். மழை நாள் நீங்கலாக என்று அதில் சேர்த்து, பத்து நாள் நோட்டின் படத்தையும் இணைத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.