கல் யாருக்கு நட வேண்டும்?

2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படை சுட்டுக் கொன்ற சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் உடல், மேட்டூரை அடுத்த மூலக்காட்டில் அடக்கம் செய்யப்பட்டது. நினைவு நாளில் அங்கே ஆட்கள் கூடுகிறார்கள், மாலை சாத்துகிறார்கள். இறந்தவரை உற்றார் நினைப்பதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் மணிமண்டபம் எழுப்பித் தர வேண்டும் என்று அரசிடமே கோரிக்கை வைக்கும் அளவுக்குக் காரியம் வளர்ந்திருக்கிறது. சுவரொட்டிகளில் 'மாவீரன்' என்றும் 'வனக்காவலன்' என்றும் பட்டங்கள் ஏறுகின்றன. அவர் உயிரோடிருந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள், தொடர்களிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் பார்த்த மீசைக்கு ரசிகர்களாகி நிற்கிறார்கள்.

அந்த மண்டபம் எழக் கூடாது. இறந்தவனுக்காக அழுவது அன்பு. அவனை வீரன் என்று ஊரறிய நிறுத்துவது தீர்ப்பு. அன்பு காட்ட உரிமை எல்லோருக்கும் உண்டு. பொய்த் தீர்ப்பு எழுத ஒருவருக்கும் உரிமை இல்லை.

யாரை வீரன் என்பது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில், கல்லைக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு படிகளாக நடுகல் மரபை வகுத்துச் சொல்கிறது. வழியில் கிடந்த கல்லை எடுத்து யாருக்கும் நட்டுவிட முடியாது என்பதே அந்த முறைமையின் பொருள். தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் கிடைத்த பழைய நடுகற்களைப் படித்தால், கல் பெற்றவர்களில் பலர் ஊரின் ஆநிரையை மீட்கப் போய் உயிர்விட்டவர்கள். புலியோடு போரிட்டு மாண்டவனுக்குப் புலிகுத்திக் கல் நட்டது கொங்கு மண். எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். கள்வரைத் தடுத்த நாய்க்கும் கல்லில் இடம் தந்தவர்கள் நம் முன்னோர். அந்த மண்ணில் கொள்ளையிட்டவருக்கு மண்டபம் கேட்கிறோம்.

தகடூரை ஆண்ட அதியமான் அஞ்சியின் நடுகல் முன் நின்று ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அங்கே அவள் அவனுடைய போர்க்களக் கணக்கை எடுத்துப் பேசவில்லை. நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தப் படையலைக் கொள்வானோ என்பதுதான் அவள் துயரம். திருவள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் வீரத்தின் கடுமையை ஒப்புக்கொள்கிறார். உடனே, வீழ்ந்த பகைவனுக்கும் உதவுவதே அதன் கூர்மை என்கிறார். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்தது எந்தப் போர்த் தலைவனுக்கும் அன்று. அநீதிக்கு ஆளாகி நீதி கேட்ட ஒரு பெண்ணுக்கு.

அறிவுடையோர் எங்கும் இப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆங்கிலோ-சாக்சன் மொழியின் பெருங்காப்பியம் 'பெயோவுல்ஃப்'. 3,182 அடிகள் கொண்ட அது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரே ஒரு கையெழுத்துப் படியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1731இல் நேர்ந்த தீ விபத்தில் கருகித் தப்பிய படி அது. ஹ்ரோத்கார் என்ற அரசனின் மண்டபத்துக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் இரவில் புகுந்து ஆட்களைக் கொன்று தின்ற கிரெண்டல் என்னும் கொடிய உருவை, கடல் கடந்து வந்த பெயோவுல்ஃப் வெறுங்கையால் வெல்கிறான். பிறகு அதன் தாயையும் வெல்கிறான். ஐம்பது ஆண்டுகள் நாடாண்ட பின், முதிய வயதில், ஊரை எரித்த நெருப்புப் பாம்போடு பொருது மாள்கிறான்.

இந்தக் காப்பியத்தின் உயிர் கொடிய உருக்களோடு நடக்கும் போரில்தான் இருக்கிறது என்று 1936இல் ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆற்றிய உரை புகழ்பெற்றது. அந்தப் போரில் யார் வீரன், யார் அரக்கன் என்பதைக் கவிஞர் எதை வைத்துப் பிரிக்கிறார்? வலிமையை வைத்தன்று. வலிமை கிரெண்டலுக்கும் இருந்தது. வெற்றிக்கு மறுநாள் காலையிலேயே அரசனின் பாணன் ஒருவன் பெயோவுல்ஃபின் புகழோடு சேர்த்து ஹெரமோட் என்ற பழைய அரசனின் கதையையும் நினைவுகூர்கிறான். பின்னர் முதிய ஹ்ரோத்கார் அதே பெயரைச் சொல்லி இளைஞனை எச்சரிக்கிறான். வலிமையில் எல்லோரையும் மிஞ்சியவன் ஹெரமோட். தன்னோடு உண்டவர்களையே சினத்தில் கொன்றான். பொருளை ஒருவருக்கும் ஈயவில்லை. வலிமை தன் மக்கள் மேல் திரும்பினால் வீரனும் அரக்கனே என்பது அதன் பாடம். பெயோவுல்ஃபும் சாகும் தருவாயில், உறவினரைக் கொன்ற பழி தன் மேல் இல்லை என்றே ஆறுதல் கொள்கிறான். கடலோடிகள் தொலைவிலிருந்தே காணும்படி முனையில் அவனுக்கு மேடு எழுப்புகிறார்கள். பன்னிரு குதிரை வீரர் அதைச் சுற்றி வந்து வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தில் முன்னிற்பது அவனுடைய மென்மையும், மக்களிடம் அவன் காட்டிய அன்பும். தொல்காப்பியர் ஆறாவதாக வைத்த வாழ்த்தல் அந்தக் குளிர்நாட்டிலும் இதே அளவுகோலால்தான் நடந்திருக்கிறது.

கிரெண்டல் மீதும் அந்தக் கவிஞருக்கு இரக்கம் உண்டு. விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனின் வழியில் வந்து, சதுப்பு நிலத்தில் தனித்துக் கிடந்து, மண்டபத்துப் பாட்டைக் கேட்டு வதைபட்டவன் என்று அவனைக் காட்டுகிறார். மகனை இழந்த தாயின் துயரத்தையும் மறைக்கவில்லை. ஆனால் இரக்கம் காட்டிய கை அவனுக்கு மேடு எழுப்பவில்லை. நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

இந்த அளவுகோலை மூலக்காட்டுக்குக் கொண்டு வாருங்கள். வீரப்பன் பிறந்த கோபிநத்தத்தில் கர்நாடக வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் மக்களோடு கலந்து பழகினார், அவர்கள் வாழ்வு மேம்படப் பணி செய்தார், மாரியம்மன் கோயில் எழ உதவினார். வீரப்பன் சரணடையப் போவதாக வந்த சொல்லை நம்பி 1991 நவம்பரில் ஆயுதமின்றிக் காட்டுக்குள் போனார். நம்பி வந்தவர் சுடப்பட்டார், தலையும் துண்டிக்கப்பட்டது. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2000இல் நடிகர் ராஜ்குமார் 108 நாள் பிணைக்கைதியாக இருந்தார். 2002இல் கடத்தப்பட்ட முன்னாள் அமைச்சர் நாகப்பா உயிரோடு திரும்பவில்லை. காட்டின் சந்தனமும் தந்தமும் எங்கே போயின என்று கேட்டால் 'வனக்காவலன்' என்ற பட்டம் நாக்கில் நிற்காது. கொல்லாமை அதிகாரத்தை வள்ளுவர் எழுதிய மொழியில் இந்தப் பட்டங்கள் அச்சாவது நமக்கு இழிவு.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. வீரப்பனைத் தேடுகிறோம் என்ற பெயரில் மலையடிவார மக்கள் பட்ட கொடுமையை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி 1992 ஜூனில் வாச்சாத்தி கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறையினர் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொடுங்கோல் மன்னனை வேல் பிடித்து வழிமறிக்கும் கள்வனுக்கு நிகராக வைத்தவர் வள்ளுவர். அந்தச் சீருடைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அரசு அரக்கனானதால் அரசு தேடியவர் வீரராகிவிட மாட்டார். வாச்சாத்திக்கு நீதி வந்தது துப்பாக்கியால் அன்று. பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய அந்தப் பெண்களின் உறுதியால்.

அரசோடு மோதித் தோற்றவரை நாம் கொண்டாடுவதே இல்லையா? கொண்டாடுகிறோம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டான். கொல்லி சேரனிடம் போனது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆடியில் நாமக்கல் மாவட்டம் விழா எடுப்பது தோற்ற ஓரிக்குத்தான். ஒரே அம்பில் யானையிலிருந்து உடும்பு வரை துளைத்த அவன் வில்லை வன்பரணர் பாடினார். பாடி வந்தவர்களின் வறுமை தீரக் கொடுத்த கையையும் சேர்த்தே பாடினார். வில் மட்டும் இருந்திருந்தால் கடையெழு வள்ளல்களில் ஓரிக்கு இடம் ஏது?

சேலம், நாமக்கல் சமவெளியின் இளைஞர்களே, மீசையும் துப்பாக்கியும் வீரத்தின் அடையாளம் அல்ல. யாரைக் காத்தான், யாருக்குக் கொடுத்தான், நம்பியவனை என்ன செய்தான் என்று கேளுங்கள். மூலக்காட்டில் அழுகிறவர்கள் அழட்டும்; அவர்களைத் தடுக்க வேண்டாம். அரசு கல் நட விரும்பினால், ஆயுதமின்றிக் காட்டுக்குள் போன சீனிவாஸுக்கு நடட்டும். சாட்சிக் கூண்டில் ஏறி நின்று உண்மை சொன்ன வாச்சாத்திப் பெண்களின் பெயரால் நடட்டும். தவறான ஆளுக்கு நட்ட கல் வருங்காலப் பிள்ளைகளுக்கு நாம் எழுதிவைக்கும் தவறான பாடம். அந்தப் பாடத்தை மக்கள் பணத்தில் எழுத எந்த அரசும் துணியக் கூடாது.