மறைப் பெறுமானம்

இரண்டு எண்கள். 2 ஐ அடியாகக் கொண்ட அவற்றின் மடக்கைகளைக் கூட்டினால் 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 2. எண்கள் எவை?

பெறாமகளின் இணைந்த கணிதக் கொப்பியில் இருந்த கணக்கு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரியூசனுக்கு வருபவள், காலி வீதியில் பஸ் நெரிசல் குறையும்வரை எங்கள் வீட்டில் இருந்து படிப்பாள். மடக்கை அட்டவணையோடு கணிதத்தை விட்ட நான், இப்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்து திரும்பவும் படிக்கிறேன்.

*

மடக்கைகளைக் கூட்டுவது எண்களைப் பெருக்குவதற்குச் சமம். 1614 இல் நேப்பியர் மடக்கையை வெளியிட்டதே பெருக்கலின் களைப்பைக் கூட்டலாகக் குறைக்கத்தான். ஆகவே பெருக்கம் 8, வித்தியாசம் 2. வருகிற இருபடிச் சமன்பாடு இரண்டு சோடிகளைத் தருகிறது: 4, 2, அடுத்தது −2, −4.

இரண்டாவது சோடியையும் பெருக்கினேன், 8. கழித்தேன், 2. ஒரு குறையும் இல்லை. ஆனால் மெய்யெண்களுக்குள் −2 க்கு மடக்கை கிடையாது.

"சின்னம்மா, அதை வெட்டிவிடுங்கோ" என்றாள். வெட்டிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

அது எங்கிருந்து வந்தது? தனித்தனியாக நின்றபோது இரு மடக்கைகளும் தத்தம் எண் நேராக இருக்கவேண்டும் என்று கேட்டன. ஒன்றாக்கியதும், பெருக்கம் நேராக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. இரண்டு மறைகளின் பெருக்கமும் நேர்தானே. செய்கையில் பிழை இல்லை. கேள்வி சற்று அகன்றுவிட்டது. அதனால்தான் விடையை இடையில் வந்த வரியில் அல்ல, முதல் வரியில் இட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்தக் காரணத்தைக் கண்டுகொண்ட மாலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

*

பௌதிகவியலாளர் டிராக் 1928 இல் இலத்திரனுக்குச் சமன்பாடு எழுதியபோதும் இப்படி மறைச் சக்தித் தீர்வுகள் சேர்ந்து வந்தன. ஆனால் அவற்றை வெட்ட வழியில்லை. சமன்பாட்டில் எந்த வரியும் அவற்றை விலக்கவில்லை. 1931 இல் அவற்றைக் கொண்டே எதிர் இலத்திரன் என்ற துகளை முன்மொழிந்தார். அடுத்த ஆண்டு அண்டர்சன் அதைக் கண்டார். கேம்பிரிட்ஜில் அந்த டிராக்கிடம் ஆய்வு செய்த ஈழத்தமிழர் சி. ஜே. எலியேசர், 1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராகி இதே கொழும்பில் கற்பித்தார். பெறாமகள் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. சொல்லிவைத்தேன். இந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

இன்றைய கணக்கில் இரண்டு அடிகள். முதல் எண்ணுக்கு 2 அடியிலும் இரண்டாவதற்கு 4 அடியிலும் மடக்கை எடுத்துக் கூட்டினால் 4. அடிகளை மாற்றிக் கூட்டினால் 5. பார்த்தவுடன் மலைப்பு. ஆனால் 4, 2 இன் வர்க்கம். ஆகவே 4 அடியில் வரும் மடக்கை 2 அடியில் வருவதன் பாதி. அது பிடிபட்டதும், சாதாரண தரத்துப் பிள்ளைகள் செய்யும் ஒருங்கமை சமன்பாடுதான். 2 அடியிலான மடக்கைகள் 2, 4; எண்கள் 4, 16.

இதில் வெட்ட எதுவும் இல்லை. மடக்கை −1 என்று வந்திருந்தாலும் எண் அரை, அது நேர்தான்.