யார்கிட்டயும் சொல்லாத

பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி தன் காதலனிடம் மட்டும் சிலவற்றைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. டிபன் பாக்ஸில் இருப்பதை வரும் வழியில் நாய்க்குக் கொட்டிவிட்டு, காலி டப்பாவை அம்மாவிடம் கொடுக்கிறாள். கோகோ டீமில் இருந்தவள் கிரவுண்டுப் பக்கமே போவதில்லை. காலையில் கண் விழித்ததுமே ஏன் விழித்தோம் என்று இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ‘என் மேல சத்தியம், யார்கிட்டயும் சொல்லாத’ என்கிறாள். 16 வயதுப் பையன், சத்தியம் செய்துவிடுகிறான். அது அவனைக் கட்டுமா?

கட்டாது என்று சொல்லிவிடுவது எளிது. தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என்று வகுத்த வள்ளுவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அவன் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘அவ சரியா இல்ல’ என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் திரும்பி வரும் முதல் கேள்வி, ‘உனக்கு எப்படித் தெரியும்?’ அதோடு காதல் அம்பலம். போன் பறிபோகும், டியூஷன் நிற்கும். சில வீடுகளில் பள்ளிக்கூடமே நின்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சாதி வேறு என்றால் அரிவாள் வரை போகும் ஊர்களும் உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. பெண் வீட்டாரின் கோபம் அந்தச் சட்டத்தின் பெயரால் புகாராகலாம். வளரிளம் பருவத்துக் காதலர்களைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சொல்லி, 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் வரை போய் மீள்வதற்குள் ஒரு பையனின் படிப்பு என்ன ஆகும் என்பது வேறு கதை. எனவே அவனுடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. சொன்னால் அடி விழப்போவது அவளுக்கும் சேர்த்துத்தான்.

இருந்தும் அந்தச் சத்தியம் நிற்காது. மனச்சோர்வு நோயின் போக்கு அப்படி. நான் எல்லோருக்கும் பாரம், யாராலும் எதுவும் ஆகப்போவதில்லை என்று அது நம்பவைக்கும். அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்த வேண்டுகோள்தான் ‘சொல்லாத’ என்பது. உண்மை நேர்மாறானது, இது சிகிச்சைக்கு இணங்கும் நோய். அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ள 439 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. 12 வாரங்களில், மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். போலி மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம் பேர். ராத்திரி இரண்டு மணி வரை முழித்திருந்து ‘நான் இருக்கேன்ல’ என்று வாட்ஸ்அப்பில் எழுதும் பையனின் அன்பு அந்த ஆய்வில் ஒரு சிகிச்சையாகச் சேர்க்கப்படவில்லை. அன்பு வீண் என்பதல்ல. டாக்டர் பார்க்க வேண்டியதை ஒரு பதினோராம் வகுப்பு மாணவன் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் கவலை.

அகப்பாடல்களில் இதற்கு நெருக்கமான ஒரு துறை இருக்கிறது. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது. முருகன் அணங்கிவிட்டான் என்று நினைத்து வீட்டார் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட வைக்கிறார்கள். காரணம் காதல் என்று அறிந்தவள் தோழி. அவள் வளர்ப்புத் தாயான செவிலியிடம் சொல்கிறாள். செவிலி பெற்றவளான நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். இதை அறத்தொடு நிற்றல் என்பார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலிக்குச் சொல்வதாகவே அமைந்தது. இதில் அந்தப் படிவரிசைதான் முக்கியம். தோழி நேரே தமையனிடம் போவதில்லை. கத்தாமல் கேட்கக்கூடியவளிடம் போகிறாள்.

இந்தப் பையனுக்கும் அந்த விவேகம் வேண்டும். அவளுடைய அக்காவோ சித்தியோ, ஸ்டாஃப் ரூமில் வம்பு பேசாத ஒரு டீச்சரோ. யாரும் இல்லையென்றால் 14416. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் அது; எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அன்று தோழி சொன்னது காதலை. இவன் சொல்ல வேண்டியது நோயை மட்டும். காதலைச் சொல்லாமல் விடுவது இங்கே பொய்யில் சேராது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் செய்வது சேரும். ‘உங்க அக்காகிட்ட சொல்லப் போறேன். நம்மளப் பத்தி இல்ல, நீ தூங்காம சாப்பிடாம இருக்கறதப் பத்தி’ என்று முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் கோபப்படுவாள், பேசாமல்கூடப் போய்விடலாம். அந்த நஷ்டத்தை அவன் ஏற்கத்தான் வேண்டும். இன்றே உயிருக்கு ஆபத்து என்று பட்டால் இந்தப் படிவரிசையும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாரானாலும், அவன் பயப்படும் அவள் அப்பாவே ஆனாலும், உடனே சொல்லிவிட வேண்டியதுதான்.

அவனுக்கே காதல் விட்டுப்போனால்? விலகலாம். பரிதாபத்துக்காக ஒட்டிக்கொண்டிருப்பது அவளுக்கும் தெரிந்துவிடும். அவளைத் தாங்க வேறு கைகள் வந்தபின் விலகுவது நல்லது, அவ்வளவுதான். ‘நீ போனா நான் செத்துருவேன்’ என்பது நோயின் குரலா, மிரட்டலா என்று 16 வயதில் பிரித்தறிய முடியாது. இரண்டில் எதுவானாலும் பெரியவர்களின் காதுக்குப் போக வேண்டிய பேச்சு அது.

அந்தப் பெரியவர்கள் விஷயத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வராது, எரிச்சலாக வரும். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர். பின்னால் காதல் இருப்பது தெரிந்ததும் ‘லவ் ஃபெயிலியர்’ என்று பெயர் மாறும். நோய்க்கு இரண்டாவது திரையும் விழுந்துவிடும். பையன் யார், என்ன ஆளுங்க, எத்தனை நாளாக நடக்கிறது என்ற விசாரணையெல்லாம் டாக்டரிடம் போய்வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், அவள் மனம்விட்டுப் பேசிய ஒரே இடம் அதற்குள் இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் வீட்டிலும் ஒருவர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். இத்தனை நாள் ராத்திரித் தூக்கம் கெட்டது அவனுக்கும்தான்.