லாபக் கணக்கும் நடத்தைக் கணக்கும்



பணம் எவ்வளவு வந்தது என்பது ஒரு கேள்வி; அது எவ்வழியாக வந்தது என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்குப் பேரேடு பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கும் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும் என்று பெரிய கம்பெனிகளைப் பங்குச் சந்தைகள் இப்போது கட்டாயப்படுத்துகின்றன. அந்தப் பதிலுக்கு ‘நிலைத்தன்மை அறிக்கை’ என்று பெயர். எவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் செலவாயின, எவ்வளவு புகையும் கழிவும் வெளியேறின, தொழிலாளருக்கு எத்தகைய இருப்பிடம் தரப்பட்டது, எத்தனை பேர் விபத்துக்குள்ளாயினர் என்பன போன்ற விவரங்கள் அதில் அடங்கும். மலேசியப் பங்குச் சந்தை 2015-இல் இவ்விதியை இயற்றி, 2016 முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டு வந்தது. சிங்கப்பூர்ச் சந்தையும் 2016-இல் இத்தகைய விதியைச் செய்தது: அறிக்கை தர வேண்டும், தராவிடில் காரணம் கூற வேண்டும்.

நம் போன்ற கடைக்காரருக்கு இது விளங்காத சங்கதியாகத் தோன்றலாம். நாமே முதலாளி, நாமே மேற்பார்வை. சிப்பந்தி எங்கே படுக்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்பது நமக்குத் தெரியும். தெரியாதென்று சொன்னால் அது பொய். ஆனால் பெரிய கம்பெனியின் உடைமையாளர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பலர் தொழிற்சாலையின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். பணம் அவர்களுடையது, கண் வேறொருவருடையது. கண்டவன் காணாதவனுக்குச் சொல்லும் சாட்சியே அந்த அறிக்கை.

நல்லபடி நடந்து, அதை வெளிப்படையாகச் சொல்லும் கம்பெனிக்கு லாபமும் கூடும் என்பார் உளர். 2015-இல் ஜெர்மானிய அறிஞர் மூவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பத்தில் ஒன்பது பங்கு ஆய்வுகளில், நன்னடத்தையால் லாபம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று முடிவு கூறினர். இது ஆறுதலான செய்திதான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாபம் மிகுந்த கம்பெனிக்கு அறிக்கை எழுத ஆள் வைக்கவும், விடுதி கட்டவும் வசதியுண்டு. ஆகவே நன்னடத்தையால் லாபம் வந்ததா, லாபத்தால் நன்னடத்தை வந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பார்ப்போம். உலகிலேயே மிகப் பெரிய ரப்பர் கையுறைக் கம்பெனி என்று பெயர் பெற்றது டாப் குளோவ். 2020-இல் கொள்ளை நோய் பரவியபோது கையுறைக்கு உலகமெங்கும் பெருந்தேவை ஏற்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் முடிந்த கணக்கில் அக்கம்பெனியின் லாபம் முந்திய ஆண்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்! அது நிலைத்தன்மை அறிக்கையும் வெளியிட்டு வந்த கம்பெனிதான். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, அதன் இரண்டு துணைக் கம்பெனிகளின் சரக்கை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தது. நவம்பரில் அதன் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நோயுற்றனர். 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூடும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. வேலைக்கு வருவதற்காக ஏஜெண்டுகளிடம் தொழிலாளர் கட்டிய பணத்துக்கு ஈடாகக் கம்பெனி சுமார் 13 கோடியே 60 லட்சம் வெள்ளி கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

பேரேட்டில் அதுவரை காணாத நல்ல ஆண்டு. விடுதியில் துன்பமான ஆண்டு. லாபம் அந்தத் துன்பத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை. 2018-லேயே பத்திரிகையாளர் எழுதிய பிறகும், சுங்கம் சரக்கை மறித்த பிறகுதான் காரியம் வேகமாக நடந்தது. தன்னைப் பற்றித் தானே எழுதும் சாட்சிக்குக் குறுக்கு விசாரணை வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அவ்விசாரணையைச் செய்ய உரிமையுடையவர் யார்? உடைமையாளரே. அக்கம்பெனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஸ்தாபகர் பக்கம் இருந்தது. 2021 ஜனவரிக் கூட்டத்தில், பிளாக்ராக் என்னும் அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி ஆறு டைரக்டர்களின் மறுதேர்வை எதிர்த்து வாக்களித்தது. அவர்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெரும்பங்கு ஒரு கையில் இருந்தால் பிறர் குரல் எடுபடுவது கடினம். ஆனால் அந்தக் கையே மனம் வைத்தால், சீர்திருத்தம் விரைவில் நடப்பதும் உண்டு.

மற்றொரு பங்குதாரர் நம் ஊழியர் சேமநிதி. இவ்விடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் கடைச் சிப்பந்திக்காக மாதந்தோறும் நாம் கட்டும் பணத்தில் ஒரு துளியும் இப்படிப் பங்காக மாறுகிறது. ஒரு தொழிலாளியின் முதுமைக்கான சேமிப்பு, முகம் அறியாத மற்றொரு தொழிலாளியின் நெருக்கடியான படுக்கையிலிருந்து லாபம் பெறுமானால், அந்த லாபத்தை என்னவென்று சொல்வது? அறியாமல் பெற்றோம் என்று முதல் தடவை சொல்லலாம். அறிந்த பின்னும் கேளாமல் இருந்தால் அச்சமாதானம் செல்லுமா?

ஆகவே, லாபம் கூடுமா என்று பார்த்து நடத்தைக் கணக்கு எழுதுவது சரியன்று என்பதே நம் கருத்து. லாபத்துக்காக மட்டும் நல்லவனாக இருப்பவன், லாபம் மறுபக்கம் சாய்ந்த அன்று தானும் சாய்ந்துவிடுவான். 2020 அப்படிப்பட்ட சோதனை ஆண்டு. பிறர் பணமும் பிறர் உழைப்பும் நம் கையில் அமானிதம். அமானிதத்துக்குக் கணக்குச் சொல்வது கடமை. அதனால் லாபம் வந்தால் நன்று. வராவிட்டாலும் கடமை தீர்வதில்லை.

இது பெரிய கம்பெனிகளோடு நிற்கப் போவதுமில்லை. 2024 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் தேசிய அளவில் இதற்கொரு திட்டம் வெளியிட்டது. 200 கோடி வெள்ளியும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள கம்பெனிகள் 2025 முதல் அதன்படி எழுத வேண்டும். அவர்களுக்குச் சரக்குக் கொடுப்போரிடமும் மின்சாரக் கணக்கு, ஆட்கணக்கு, விடுதி விவரம் கேட்டுத் தாள் வரும். அத்தாளைக் கண்டு மலைக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுவோம். எழுதக் கூசும் இடம் ஒன்று இருக்குமானால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அந்த இடத்தைச் சீர்படுத்துவோம்.